பூட்டிய வீடும் புதர் மண்டிய வளவும்

பெண்களுக்கான வாராந்த வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர் ஒரு ராத்தா மட்டும் வாசலில் நின்றார். கையில் நான்காக மடித்த ஒரு கடிதம். "ஹஸரத், இதைக் கொஞ்சம் வாசித்துச் சொல்லுங்கள்" என்று நீட்டினார்.

உள்ளூராட்சி சபையின் சுகாதாரப் பிரிவிலிருந்து வந்த அறிவித்தல் அது. வளவில் வளர்ந்திருக்கும் புதர்களை வெட்ட வேண்டும், பாதைப் பக்கம் சாய்ந்து நிற்கும் சுவரைப் பாதுகாப்பாக்க வேண்டும், பதினான்கு நாட்கள் அவகாசம் என்று எழுதியிருந்தது.

"வாப்பா வபாத்தாகிப் பன்னிரண்டு வருஷம். உம்மாவும் போய்விட்டா. வீடு பூட்டியே கிடக்கிறது. ஐந்து பிள்ளைகள் நாங்கள். இரண்டு நானாமார் கட்டாரில், ஒருவர் கொழும்பில், தங்கச்சி கம்பளையில். பக்கத்தில் இருக்கிற குற்றத்துக்கு எனக்கு மட்டும் கடிதமா?"

அவருடைய கண் கலங்கிய அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. ஏனெனில் ஹட்டன், நுவரெலியா போன்ற நமது மலையக நகரங்களில் கடைத்தெருவைத் தாண்டி நடந்தால், இப்படிப்பட்ட வீடு ஒன்றாவது கண்ணில் படாமல் போகாது. தகரம் துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கும். ஜன்னலுக்குள் கொடி ஏறியிருக்கும். அயலார் குப்பைப் பைகளை வீசும் இடமாக அந்த வளவு மாறியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தன் காணியைத் தன் இஷ்டப்படி வைத்திருப்பதில் சபைக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. இந்த நாட்டில் அதற்கு விடை கிடைத்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டம், வீட்டையோ காணியையோ பிறர் உடல்நலத்துக்குக் கேடாகும்படி அசுத்தமாகவும் புதர் மண்டவும் விடுவதைக் குற்றமாக்கியது. கட்டடத்தில் ஆள் குடியிருக்கிறாரா இல்லையா என்பது அங்கே முக்கியமல்ல.

1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 98ஆம் பிரிவு இருக்கிறது. விழுந்துவிடக்கூடிய நிலையில் ஒரு கட்டடம் நின்று, அயலாருக்கோ வழிப்போக்கருக்கோ ஆபத்து என்றால், அதைத் திருத்தவோ அகற்றவோ நீதவான் கட்டளையிடலாம். அந்தக் கட்டளை முதலில் நிபந்தனையுடன்தான் வரும். ஒன்றில் வேலையைச் செய்ய வேண்டும், அல்லது குறித்த நாளில் வந்து ஏன் செய்ய முடியாது என்று காரணம் காட்ட வேண்டும். ஆகவே அறிவித்தலைக் கண்டதும் தண்டனையே வந்துவிட்டது போலப் பதற வேண்டியதில்லை. பேசுவதற்கு வாசல் திறந்திருக்கிறது.

மூன்றாவது, 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் சட்டம். பழைய டின், போத்தல், சிரட்டை, டயர் ஆகியவற்றில் நீர் தேங்கவிடாமல் பார்ப்பதும், பாவனையில்லாத கிணற்றை மூடுவதும், வளவுப் பற்றைகளை வெட்டுவதும் உரிமையாளர் அல்லது குடியிருப்பாளரின் கடமை. நீர்த்தொட்டிகளை வாரம் ஒரு தடவையாவது வெறுமையாக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. டெங்கு நுளம்பின் முட்டை நுளம்பாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாட்கள் வரை போதும். 2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாகி, 400க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். நமது குளிர் மலைகளில் அந்த நுளம்பு குறைவுதான். ஆனால் பற்றைக்குள் பெருகும் எலியும் அது பரப்பும் எலிக்காய்ச்சலும் குளிரைப் பார்ப்பதில்லை. மழைக்காலத்தில் ஒருவர் வளவுக் கான் அடைபட்டால், கீழே உள்ளவரின் அணைசுவர்தான் முதலில் ஊறும். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்ட பிறகு, சரிவில் அடைபட்ட நீர் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த மூன்று சட்டங்களும் அழகைப் பற்றிப் பேசவில்லை. வர்ணம் போன சுவர் குற்றமல்ல. ஒட்டுப்போட்ட தகரம் குற்றமல்ல. ஏப்ரல் பருவ காலம் வந்தால் நுவரெலியாவில் பூப்பாத்திகள் பளபளக்கின்றன, மதில்கள் புதுப்பூச்சு பெறுகின்றன. அது வருகிற பயணிகளின் கண்ணுக்காக, நல்லதுதான். ஆனால் ஏழையின் வீடு கண்ணுக்கு அழகாக இல்லை என்பதற்காக அவரைச் சட்டத்தின் முன் நிறுத்த முடியாது. சட்டம் தேடுவது தீங்கை மட்டுமே.

பக்தாதின் பாடம்

அரபுக் கல்லூரியில் ஓதிய எங்களுக்கு இது புதிய பாடமல்ல. கி.பி. 1058இல் வபாத்தான இமாம் மாவர்தீ, நமது ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர். 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' என்ற தமது நூலின் இறுதி அத்தியாயத்தை 'ஹிஸ்பா' என்ற பொது மேற்பார்வைக்கு ஒதுக்கினார். அதைச் செய்யும் அதிகாரிக்கு முஹ்தஸிப் என்று பெயர். இன்று வீடு வீடாக வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் முன்னோர் என்று அவரைச் சொல்லலாம்.

பாதையும் தண்ணீரும் பொதுமக்களின் உரிமை. அவற்றுக்குத் தீங்கு வந்தால் முஹ்தஸிப் தாமாகவே தலையிடலாம் என்பது இமாமின் கருத்து. அயலவரின் மரக்கிளை நமது வீட்டுக்குள் நீண்டால் அது தனி ஒருவரின் உரிமை. பாதிக்கப்பட்டவர் முறையிட்டால் மட்டுமே அதிகாரிக்கு வேலை. மறைவாக இருப்பதைத் துருவித் தேடவும் அவருக்கு அனுமதியில்லை. பொதுத் தீங்கு, தனியார் வழக்கு, பிறர் அந்தரங்கம் என்று மூன்றையும் எவ்வளவு நுட்பமாகப் பிரித்திருக்கிறார்! நமது சபைகளின் ஊழியர்கள் இந்தப் பிரிவைக் கடைப்பிடித்தால் பாதி மனக்கசப்பு நீங்கும்.

வீடு ஏன் பாழாகிறது?

ராத்தாவின் கேள்விக்கு வருவோம். பங்கு பிரிக்காத வீட்டுக்கு ஐந்து பிள்ளைகளும் உரிமையாளர்கள். ஐவருக்கும் கடமை உண்டு. ஆனால் கட்டாருக்கு அறிவித்தல் கொண்டுபோய்க் கொடுக்கச் சபைக்கு வழியில்லை. கைக்கு எட்டியவரிடம் கொடுக்கிறார்கள். அந்தக் கை பெரும்பாலும் ஒரு பெண்ணின் கையாக இருக்கிறது.

நோயின் வேர் பற்றையில் இல்லை சகோதரிகளே, பங்கு பிரிக்காத மீராஸில் இருக்கிறது. யாருடைய பங்கு எதுவென்று தெரியாத வீட்டுக்குத் தகரம் மாற்ற எந்தப் பிள்ளை பணம் போடும்? "கொஞ்சம் பொறுப்போம்" என்று பன்னிரண்டு வருஷம் போகிறது. அதற்குள் மழை வீட்டைத் தின்றுவிடுகிறது. அல்லாஹ் குர்ஆனிலேயே பங்குகளை விவரித்துத் தந்திருக்கிறான். 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டமும் அதை ஏற்றிருக்கிறது. கணக்கு தயாராக இருக்கிறது, நாம்தான் உட்காரவில்லை.

"சகோதரனிடம் பங்கு கேட்பது வெட்கம்" என்று நமது பெண்கள் வளர்க்கப்படுகிறார்கள். பங்கைக் கேட்க வெட்கப்பட்டவர், கடைசியில் பாழடைந்த சுவருக்காக நீதிமன்றப் படி ஏறுகிறார். இது என்ன நியாயம்?

தோட்டத்துக்கு யார் கடிதம் எழுதுவது?

நகரத்தை விட்டு ஒரு மைல் போனால் தேயிலை மலை. அங்கே நிலைமை தலைகீழ். லயத்தில் நான்கு தலைமுறையாக வாழ்பவருக்கு அந்த அறை சொந்தமல்ல. தோட்டக் காணிகள் 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் அரசுடைமையாகி, 1992 முதல் பெரும்பாலும் கம்பனிகளின் முகாமைத்துவத்தில் இருக்கின்றன. கூரை ஒழுகினால் துரையிடம் சொல்ல வேண்டும். பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும் வரை, தோட்டத்துக்குள் பாதை போடவும் கான் வெட்டவும் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடச் சட்டமே தடையாக இருந்தது.

பராமரிப்பின்றிக் காடாகிப் போன தேயிலை மலைகள் இன்று பல தோட்டங்களில் லயத்துக்கு அருகிலேயே இருக்கின்றன. கொழுந்து பறிக்கும் பெண்களைக் குளவி கொட்டுவதும், சிறுத்தை நடமாட்டமும் மலையகச் செய்திகளில் ஓயாமல் வருகின்றன. ஓர் ஏழைப் பெண்ணின் வளவுப் புதருக்குப் பதினான்கு நாள் அவகாசம் தருகிறோம். ஏக்கர் கணக்கில் காடான மலைக்கு எத்தனை நாள்? தீங்குதான் அளவுகோல் என்றால், அது பெரிய காணிக்கும் பொருந்த வேண்டும்.

என்ன செய்யலாம்?

அறிவித்தல் வந்தால் மறைக்காதீர்கள். அதைப் படம் எடுத்து அன்றே எல்லா வாரிசுகளுக்கும் அனுப்புங்கள். பதினான்கு நாள் போதாது என்றால், சபைக்கு எழுத்தில் அவகாசம் கேட்டு, பிரதியில் முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். சும்மா இருந்துவிட்டால் சபையே ஆள் வைத்துச் செய்து, செலவை உரிமையாளரிடம் அறவிட இடமுண்டு.

புதரையும் தேங்கிய நீரையும் முதலில் அகற்றுங்கள். ஒரு நாள் கூலியில் முடிகிற வேலை அது. செலவை எழுதி வைத்துப் பங்கின்போது கழித்துக்கொள்ளலாம்.

பின்னர் பாகப்பிரிவினைக்கு உட்காருங்கள். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள நமது தூதரகத்தில் உறுதிப்படுத்தி அற்றோணித் தத்துவம் அனுப்பலாம். எல்லோரும் இணங்கினால் நொத்தாரிசு முன் உறுதி முடித்துவிடலாம். இணங்காவிட்டால், 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டப்படி ஒரு பங்காளி தனியாகவே மாவட்ட நீதிமன்றம் போகலாம். அது நீண்ட வழி, இணக்கமே நல்லது.

அயலவர் நீங்களா? சபைக்கு முறையிடுவதற்கு முன் ஒரு தடவை அந்த வீட்டாரிடம் பேசிப் பாருங்கள். பூட்டிய வளவுக்குள் குப்பைப் பையை வீசுகிறவர் நாமாக இருந்தால், முறையிட நமக்கு வாயேது?

அந்த ராத்தாவின் நானாமாருடன் அன்றிரவே தொலைபேசியில் பேசினோம். மூத்தவர் முதலில் கோபப்பட்டார். தங்கை அனுப்பிய சுவரின் படத்தைப் பார்த்த பிறகு நெடுநேரம் பேசவில்லை. "அந்தச் சுவரோரம்தானே வாப்பா சாய்மனைக் கதிரை போட்டிருப்பார்" என்றார். மறுவாரம் புதர் வெட்டப்பட்டது, சுவர் இறக்கப்பட்டது. பங்கு இன்னும் முடியவில்லை. வருகிற விடுமுறையில் ஐவரும் ஒன்றாக உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் குடும்பத்திலும் பூட்டிய வீடு ஒன்று இருக்கிறதா? கடிதம் வரும் வரை காத்திருக்காதீர்கள்.