கிறிஸ்துமஸ் இரவும் காய்ந்த காளானும்

டிசம்பர் 24 மாலை, வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே போலந்து வீடுகளில் சாப்பிட உட்காருவார்கள். மரபுப்படி பன்னிரண்டு வகைப் பதார்த்தங்கள். மீன் உண்டு, இறைச்சி கிடையாது. ‘விகிலியா’ எனப்படும் இந்தப் பெருவிருந்தில் இறைச்சி விட்ட இடத்தைக் காய்ந்த காட்டுக் காளான் எடுத்துக்கொள்கிறது. பீட்ரூட் ரசத்தில் மிதக்கும் குட்டிக் கொழுக்கட்டைகளுக்குப் பூரணம் அதுதான், புளிக்கவைத்த முட்டைக்கோஸோடு சேர்ந்து ‘பியெரோகி’க்குள்ளும் அது இருக்கும், தனி சூப்பாகவும் வரும். கடைசியில் கோதுமை, கசகசா, தேன், கொட்டைகள் சேர்ந்த ‘குத்யா’வோ, வால்நட் கலந்த கசகசாச் சுருள் ரொட்டியோ. இதையெல்லாம் பார்த்துவிட்டுக் காளானை ‘ஏழையின் இறைச்சி’ என்று சொல்லிவிடுவது எளிது. அந்தப் பட்டம் பொருந்தாது என்பது என் கட்சி. காளானும் கொட்டையும் ஒன்றில் இல்லாததை மற்றொன்று கொடுத்துத் தமக்கென ஒரு சுவையை உண்டாக்குகின்றன. இறைச்சி வேஷம் கட்டிவிட்டால்தான் இரண்டும் சோபிப்பதில்லை.

சுவையிலிருந்து தொடங்கலாம். 1908-இல் டோக்கியோவில் கிகுனே இகெடா, கொம்பு என்ற கடற்பாசியின் சாறிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அது தரும் ருசிக்கு உமாமி என்று பெயரிட்டார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு அகிரா குனினாகா, குவானிலேட் என்ற இன்னொரு பொருளும் இந்தச் சுவையைத் தருவதையும், இரண்டும் சேர்ந்தால் சுவை கூடுவதோடு நிற்காமல் பெருகுவதையும் கண்டார். ஏன் பெருகுகிறது என்பதற்கு 2008-இல் விளக்கம் கிடைத்தது. நாக்கின் உமாமி ஏற்பியில் குளூட்டமேட் வந்து அமர்ந்ததும் ஏற்பியின் இரு மடல்களும் மூடுகின்றன. குவானிலேட் அருகில் ஒட்டிக்கொண்டு அவை மறுபடி திறக்காமல் பிடித்துவைக்கிறது. காளானில் குளூட்டமேட் எப்போதும் உண்டு. ஆனால் பச்சைக் காளானில் குவானிலேட் மிகக் குறைவு. அதற்கான மூலப்பொருள் செல்லுக்குள் ஆர்.என்.ஏ.வாகக் கிடக்கிறது. உலர்த்தும்போது செல்களின் கட்டமைப்பு சிதைகிறது. பிறகு நீரில் ஊறவைத்து மெதுவாகச் சூடேற்றினால், 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதி சுறுசுறுப்பாகி குவானிலேட்டை விடுவிக்கிறது. நேரே கொதிநீரில் போட்டால் வேலை முடியுமுன்பே நொதி செத்துவிடும். காய்ந்த காளானை இரவெல்லாம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டாமல் அதிலேயே மெல்லக் கொதிக்கவிடும் போலந்துச் சமையல்முறைக்குள் இந்த வேதியியல் முழுதாக இருக்கிறது. குளிர்காலத்துக்குப் பத்திரப்படுத்தவே உலர்த்தினார்கள். அதில் பச்சைக் காளானில் இல்லாத ஒரு சுவை பிறந்துவிட்டது.

இந்த ஆய்வுகளில் பல, ஜப்பானியரின் ஷிட்டாகே காளானை வைத்துச் செய்தவை; ஐரோப்பியர் கொண்டாடும் போர்சினியில் குவானிலேட் அந்த அளவுக்கு இல்லை. இந்த ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் பெருக்கும் பொருள் குறைவாக இருந்தாலும் வேலை நடக்கும். கூட்டு விளைவின் இயல்பே அது. தவிர, உலரும்போது போர்சினியில் சேரும் வறுத்த வாசனைக்கும் இந்தக் கணக்கில் பெரிய பங்குண்டு.

மெல்லும் பதத்துக்கு வருவோம். காய்கறியின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் வெந்தால் கரைகிறது, காய் குழைகிறது. இறைச்சியின் புரதம் சூட்டில் சுருங்கி இறுகுகிறது. காளானின் செல்சுவரில் இருப்பதோ, இறால் ஓட்டில் உள்ள அதே கைட்டின். கொதிநிலை வெப்பத்துக்கெல்லாம் அது அசைவதில்லை. அதனால் காளானை அதிகம் வேகவைத்துக் கெடுத்தவர் குறைவு. நீரை வெளியேற்றாமல் கெடுத்தவர்களே அதிகம். அதன் எடையில் 90 சதவீதம் நீர். அந்த நீர் வற்றும்வரை சட்டியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமாகச் சிவக்கவோ 140 டிகிரி வாக்கில் வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் காளானிடம் ஒரு குறை உண்டு. 100 கிராமில் அரை கிராம் கொழுப்புகூடக் கிடையாது. காளானுக்கே உரிய வாசனையைத் தரும் மூலக்கூறு நீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரைவது; கொழுப்பு இல்லாவிட்டால் அது ஆவியோடு போய்விடும். வால்நட்டில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 65 கிராம் கொழுப்பு. ஜார்ஜியாவில் வால்நட்டைப் பூண்டு, கொத்தமல்லியோடு அரைத்த விழுதில் காளானைப் புரட்டுகிறார்கள். குருமாவில் முந்திரி விழுது செய்யும் வேலையைத்தான் அது அங்கே செய்கிறது.

செஸ்நட் மட்டும் விதிவிலக்கு. அதில் கொழுப்பு 2 கிராம் அளவே. பாதி நீர், மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. இத்தாலியின் அப்பெனைன் மலைக் கிராமங்களில் அதைக் கொட்டையாக மதிக்கவில்லை, தானியமாகவே நடத்தினார்கள். அதற்கென்று கட்டிய சிறு கல்வீடுகளில் வாரக்கணக்கில் மெல்லிய தீமூட்டி உலர்த்தி, மாவாக்கி வைத்துக்கொண்டார்கள். செஸ்நட்டும் போர்சினியும் சேர்ந்த சூப் அங்கே உண்டு; இரண்டும் ஒரே காட்டில் கிடைப்பதும் தற்செயலல்ல. போர்சினியின் பூஞ்சை இழைகள் செஸ்நட், ஓக், பீச் மரங்களின் வேர்நுனிகளைப் போர்த்தியே வாழ்கின்றன. மண்ணின் சத்தை மரத்துக்குக் கொடுத்து, இலை தயாரித்த சர்க்கரையை வாங்கிக்கொள்கின்றன. ஜெர்மன் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் இந்தக் கூட்டுக்கு 1885-இல் பெயர் வைத்தார். வடக்கு ஸ்வீடனில் பைன் மரங்களின் பட்டையை வளையமாக உரித்து, சர்க்கரை வேருக்கு இறங்காமல் தடுத்துப் பார்த்தார்கள். ஓரிரு மாதங்களில் மண்ணின் சுவாசம், அதாவது வேர்களும் பூஞ்சைகளும் மற்ற மண்ணுயிர்களும் விடும் கரியமில வாயு, பாதியாகக் குறைந்துபோனதாக 2001-இல் அறிவித்தார்கள். மரத்துணை இல்லாமல் போர்சினியைக் கொட்டகையில் வளர்க்க முடியாததற்கும் மரத்தின் சர்க்கரையை நம்பியிருக்கும் இந்தப் பிழைப்புதான் காரணம். உரக்குழியில் வளரும் மொட்டுக் காளானின் பிழைப்பு வேறு. நம் புற்றுக் காளானுக்கு மரத்துக்குப் பதில் கறையான் துணை. வால்நட் மரம் இந்த உறவில் சேராது; அதன் வேரில் வாழும் பூஞ்சைகள் தொப்பிக் காளான் விடுவதில்லை.

இதெல்லாம் நோன்பு விதியால் வந்த பழக்கம், சுவையால் வந்ததல்ல என்பார்கள். இறைச்சி ஏன் விலகியது என்பதற்கு விதி விளக்கம் சொல்லும். விதி தளர்ந்த பிறகும் அது ஏன் திரும்பி வரவில்லை என்பதற்குச் சொல்லாது. திருச்சபையின் 1983 சட்டத்தொகுப்பு டிசம்பர் 24-க்கென்று இறைச்சி விலக்கு எதையும் விதிக்கவில்லை. விகிலியா மேசையோ பெரும்பாலும் பழையபடியே இருக்கிறது. சத்து பற்றிய ஆட்சேபம் இதைவிட வலுவானது. பச்சைக் காளானில் புரதம் 3 சதவீதம்தான். வால்நட்டில் 15 சதவீதம் இருந்தாலும், அதற்காக 100 கிராம் தின்றால் 650 கலோரி வந்து சேரும். எனவே தினசரி உணவில் இந்த ஜோடி பருப்பின் இடத்தை நிரப்பாது. விருந்து என்பது வேறு சங்கதி. பிரிட்டனில் கிறிஸ்துமஸுக்குச் சைவர் முன் வைக்கப்படும் ‘நட் ரோஸ்ட்’ தொண்டையை அடைக்கும் என்று பெயரெடுத்ததற்குக் காரணமும் இங்கே தெரிகிறது. வாட்டிய இறைச்சியைப் போலத் துண்டு போட வரவேண்டும் என்று கொட்டையையும் ரொட்டித் தூளையும் இறுக்கிப் பிடித்துவிடுகிறார்கள். ஈரத்தையும் உமாமியையும் தர வதக்கிய காளான் தாராளமாகச் சேரும்போதுதான் அது உண்ணத் தகுந்ததாகிறது.

சுவைக்கு இவ்வளவு வாதாடிய பிறகு, அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். ஓக், செஸ்நட், ஹேசல் வேர்களோடு கூட்டுச் சேரும் இன்னொரு காளான் அமனிட்டா ஃபலாய்டஸ். உலகில் காளான் நஞ்சால் நேரும் சாவுகளில் பெரும்பங்கு இதனுடையது. சாப்பிட்டுப் பிழைத்தவர்களில் பலர் அது ருசியாகவே இருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். அதன் நஞ்சு கொதித்தாலும் உலர்ந்தாலும் அழியாது. வாந்தி தொடங்குவதற்குள் ஆறு மணி நேரத்துக்கு மேல் கடந்திருக்கும். போலந்தில் காடு போய்க் காளான் பறிப்பவர்கள், சந்தேகம் வந்தால் கூடையோடு அரசுச் சுகாதார நிலையத்துக்குப் போகலாம். அங்கே பயிற்சி பெற்றவர்கள் பணம் வாங்காமல் பார்த்துச் சொல்கிறார்கள்.