பொம்பா படைக்குத் தலைமை தாங்குபவர்



பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளிடம், "பெரியவனாகி என்ன வேலைக்குப் போகப் போகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்புக்கு ஒருவனாவது "பொம்பா வண்டி ஓட்டுவேன்" என்பான். சிவப்பு வண்டியும் நீண்ட ஏணியும் பிள்ளை மனத்தைப் பிடித்துக் கொள்கின்றன. ஆனால் அந்த வண்டிகளை எந்த ஊரில் நிறுத்துவது, எத்தனை பேரை அனுப்புவது, எந்தக் கட்டடத்துக்கு அனுமதி மறுப்பது என்றெல்லாம் முடிவு செய்கிற ஒருவர் மேலே இருக்கிறார். அவராக வருவேன் என்று எந்தப் பிள்ளையும் சொல்லி நான் கேட்டதில்லை. அப்படி ஒரு பதவி உண்டு என்ற பேச்சே நம் வீடுகளில் எழுவதில்லை. அந்தப் பதவிக்கு என்ன தகுதி வேண்டும், அதில் அமர்பவர் எதற்கெல்லாம் பொறுப்பு என்பதை இன்று பார்ப்போம்.

கோலாலம்பூரிலிருந்தே தொடங்கலாம். 1881-ஆம் ஆண்டில் இந்த நகரம் தீக்கு இரையாயிற்று. அன்றைய வீடுகள் மரத்தாலும் அத்தாப்பாலும் ஆனவை. ஓரிடத்தில் பற்றிய தீ ஊரையே கொண்டு போயிற்று. அதே ஆண்டில் பெருவெள்ளமும் வந்தது. அதன் பிறகுதான், இனிச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும் என்று பிரிட்டிஷ் ரெசிடெண்ட் சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். செங்கல் சூளைகள் எழும்பிய இடத்துக்குப் பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் நின்றுவிட்டது. தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போகிறோமே, அதே பிரிக்பீல்ட்ஸ்தான்! 1883-இல் சிலாங்கூருக்கென ஒரு தீயணைப்புப் படை உருவாயிற்று. தலைவர் பெல்லமி என்ற வெள்ளைக்காரர். படையில் இருந்தவர்கள் பதினைந்து தொண்டர்கள். கோலாலம்பூரில் பெல்லமி சாலை என்று ஒன்று இன்றும் இருக்கிறது.

பிறகு நெடுங்காலம் அந்தந்த ஊராட்சி அமைப்பே அந்தந்த ஊரின் படையை நடத்தி வந்தது. பணமுள்ள நகரத்தில் நல்ல வண்டி இருக்கும், இல்லாத ஊரில் பழைய வண்டி இருக்கும். நாடு முழுமைக்கும் பொறுப்பேற்கும் தலைவர் என்று ஒருவர் இல்லை. 1976 ஜனவரி 1-ஆம் நாள் தீயணைப்புப் பணி கூட்டரசின் கைக்கு வந்தது. சபா, சரவாக் படைகள் 1981-இல் சேர்ந்தன. இன்று இத்துறை வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் கீழ் இருக்கிறது. அதன் தலைவரைத் தலைமை இயக்குநர் என்கிறோம்.  மாநிலந்தோறும் ஓர் இயக்குநர் அவருக்குக் கீழே இருக்கிறார்.

துறை ஒன்றாகி நூறு நாள்கூட ஆகவில்லை, சோதனை வந்துவிட்டது. 1976 ஏப்ரல் 8-ஆம் நாள் கோலாலம்பூரில் கேம்பல் பேரங்காடிக் கட்டடம் பற்றிக்கொண்டது. மாடி மாடியாக உயர்ந்த கட்டடங்களுக்கு ஏணியும் தண்ணீரும் மட்டும் போதாது என்பதை நாடு அன்று கண்டது. எரியும் கட்டடத்தை அணைப்பதைவிட, எளிதில் எரியாதபடி கட்ட வைப்பதுதான் பெரிய வேலை. 1984-ஆம் ஆண்டின் ஒரே சீரான கட்டட விதிகளில், வெளியேறும் படிக்கட்டு எங்கே இருக்க வேண்டும், தீத்தடுப்புக் கதவு எப்படி அமைய வேண்டும் என்பதெல்லாம் வகுத்துச் சொல்லப்பட்டிருக்கிறது.

தலைமை இயக்குநரின் கடமைக்கு அடிப்படை 1988-ஆம் ஆண்டின் தீயணைப்புப் பணிச் சட்டம். தீயை அணைப்பது, தடுப்பது, உயிரையும் பொருளையும் காப்பது, தப்பும் வழிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது, தீ எப்படி மூண்டது என்று புலனாய்வது, பேரிடரில் மனிதாபிமானப் பணி செய்வது ஆகியவற்றைச் சட்டம் கடமையாக்குகிறது. அதிகாரமும் பெரிது. தீ மூண்ட இடத்தில் கதவை உடைக்கலாம், அடுத்த வீட்டுச் சுவரை இடிக்கலாம், சாலையை மூடலாம். யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை.

இவற்றுள் வெளியே தெரியாத வேலை ஒன்று உண்டு. என் எண்ணத்தில் அதுவே தலைவரின் முதல் வேலை. சட்டம் குறித்துச் சொல்லும் வகைக் கட்டடங்கள், அதாவது தங்கும் விடுதி, தொழிற்சாலை, மருத்துவமனை போன்றவை, தீயணைப்புத் துறையிடம் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சோதிக்கப் போகிற அதிகாரி, பின்வாசல் பூட்டியிருக்கிறது, அலாரம் வேலை செய்யவில்லை என்று எழுதினால் சான்றிதழ் கிடைக்காது. கட்டடக்காரர் கோபிப்பார். தெரிந்த பெரிய மனிதர்களை அழைத்துப் பேச வைப்பார். கீழே இருக்கும் அதிகாரி உறுதியாக நிற்க வேண்டுமானால், மேலே இருப்பவர் உறுதியாக நிற்க வேண்டும்.

நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 1991 மே 7-ஆம் நாள் சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 2017 செப்டம்பர் 14-ஆம் நாள் விடியற்காலையில் கோலாலம்பூர் கம்போங் டத்தோ கிராமாட்டில் சமயப் பள்ளியின் விடுதி ஒன்று எரிந்தது. மாணவரும் ஆசிரியருமாக 23 பேர் மாண்டார்கள். வெளியேறும் வாசல் பக்கம் தீ, சன்னல்களில் இரும்புக் கம்பி. பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியதைக் கேட்டவர்கள் உண்டு. வண்டி எவ்வளவு விரைவாக வந்தாலும், அந்தக் கம்பிக்கு முன்னால் சில நிமிடங்கள் தோற்றுப் போகின்றன.

இனித் தீ எரியும் இடத்துக்கு வருவோம். அங்கே தலைமை ஏற்கும் அதிகாரி தண்ணீர்க் குழாயைக் கையில் பிடிப்பதில்லை. சற்றுத் தள்ளி நிற்கிறாரே, வேலை செய்யவில்லையே என்று சிலர் நினைப்பார்கள். காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எத்தனை நேரம் வரும், கூரை எப்போது விழும், உள்ளே போன நம் ஆட்கள் எத்தனை பேர், வெளியே வந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கு வைத்துக்கொண்டிருப்பவர் அவர். குழாயைப் பிடித்தால் இந்தக் கணக்கு கைவிட்டுப் போகும்.

சில தீயைத் தண்ணீரால் அணைக்கக் கூடாது என்று தெரிந்திருப்பதும் தலைமைக்குரிய அறிவுதான். 2025 ஏப்ரல் 1-ஆம் நாள், நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை, புத்ரா ஹைட்ஸில் நிலத்தடி எரிவாயுக் குழாய் வெடித்து வானளாவத் தீ எழுந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். குழாயில் வாயு வந்துகொண்டிருக்கும்போது மேலே தண்ணீர் ஊற்றி நெருப்பை அவித்தால், எரியாத வாயு ஊருக்குள் பரவி மறுபடி வெடிக்கலாம். அதனால் வால்வுகளை மூடி, குழாயில் மிஞ்சிய வாயுவை எரிந்து தீர விட வேண்டும். அதற்குள் மக்களை அப்புறப்படுத்திச் சுற்றுப்புறத்தைக் காக்க வேண்டும். வால்வுகள் மூடப்பட்ட பின் அன்று பிற்பகல் தீ அடங்கியது. நூற்றுக்கு மேற்பட்டோர் காயப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன. ஆனால் உயிர் ஒன்றும் போகவில்லை.

இன்னொரு நாளையும் சொல்ல வேண்டும். 2018 அக்டோபர் 3-ஆம் நாள் இரவு, பூச்சோங் தாமான் புத்ரா பெர்டானா அருகே ஈயக் குட்டையில் விழுந்த 17 வயதுப் பையனைத் தேடித் தீயணைப்புத் துறையின் நீர்மீட்புப் பிரிவினர் ஆறு பேர் இறங்கினார்கள். கயிற்றால் ஒருவரோடு ஒருவர் பிணைந்திருந்தார்கள். சுழலில் சிக்கி ஆறு பேரும் மூழ்கிப் போனார்கள். காப்பாற்றப் போன ஆறு பேரின் சவப்பெட்டிகள்! இவர்களை இரவில் இறக்கியிருக்க வேண்டுமா, கயிறு இப்படிக் கட்டப்பட்டிருக்க வேண்டுமா என்று நாடே கேட்டது. அந்தக் கேள்விக்கு முகம் கொடுக்க வேண்டியவர் துறைத் தலைவர். 'போ' என்று சொல்வதற்கு வேண்டிய துணிவைவிட, தவிக்கும் பெற்றோர் கரையில் நிற்கும்போது 'விடியட்டும்' என்று சொல்வதற்கு வேண்டிய துணிவு அதிகம்.

தீயோடு வேலை முடிவதில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறதல்லவா? 1993 டிசம்பர் 11-இல் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் இறந்தபின், மீட்புப் பணி நாட்டின் பெரிய கவலையாயிற்று. 1997-இல் துறையின் பெயரே தீயணைப்பு, மீட்புத் துறை என்று மாறியது. நிலச்சரிவு, வெள்ளம், சாலை விபத்து எல்லாவற்றுக்கும் இன்று அவர்கள்தான் வருகிறார்கள். குளவிக் கூட்டை எடுக்கவும், வீங்கிய விரலிலிருந்து மோதிரத்தை வெட்டவும்கூட வருகிறார்கள்.

சரி, இந்தப் பதவிக்கு எப்படிப் போவது? நேராக விண்ணப்பிக்கும் பதவி இல்லை இது. அண்மைக் காலத் தலைமை இயக்குநர்கள் துறைக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் உழைத்து, நிலையம், மாநிலம், தலைமையகம் என்று படிப்படியாக ஏறியவர்கள். துறைக்குள் நுழைய மூன்று வாசல்கள். எஸ்.பி.எம். தேர்ச்சியோடு சாதாரண வீரராகச் சேரலாம். டிப்ளோமாவோடு நடுத்தர அதிகாரியாகலாம். பட்டப் படிப்போடு, குறிப்பாகப் பொறியியல், அறிவியல் படித்து, மேல்நிலை அதிகாரியாகலாம். மேலே போக வேண்டுமானால் மூன்றாவது வாசல்தான் குறுக்கு வழி. முதல் வாசலில் நுழைந்தவரும் பணியில் இருந்துகொண்டே படித்து ஏற முடியும், ஆனால் காலம் பிடிக்கும்.

ஆள் எடுப்பது பொதுச் சேவை ஆணையம். எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியில் கிரெடிட் கட்டாயம். நம் பிள்ளைகள் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஓட்டத்தில் முதலாவதாக வருகிற பையன் மலாய்க் கட்டுரையில் நின்றுவிடுகிறான். உடல் தகுதிச் சோதனையில் 2.4 கிலோமீட்டர் ஓட வேண்டும், கனமான குழாயைத் தூக்க வேண்டும். பார்வையும் நிறம் பிரித்தறியும் திறனும் சரியாக இருக்க வேண்டும். தேர்வானவர்களுக்குத் தீயணைப்பு அகாடமியில் பயிற்சி. நமக்குப் பக்கத்தில் இருப்பது கோலகுபு பாரு அகாடமி. பெண்களும் சேரலாம்.

தமிழ்நாட்டில் முறை சற்று வேறு. அங்கே துறைத் தலைவராகக் காவல் துறையின் உயர் அதிகாரி ஒருவரை அமர்த்துவது வழக்கம். நிர்வாகம் தெரிந்தவர் வருவார் என்பது அதில் நன்மை. புகையை மூச்சில் அறிந்தவர் மேலே வர வேண்டும் என்பது என் கட்சி. ஆயினும் அந்தத் துறையிலேயே சேர்ந்து வளர்ந்தவர்களும் உண்டு. 2003-இல் அதிகாரியாகச் சேர்ந்த பிரியா ரவிச்சந்திரன் அவர்களில் ஒருவர். 2012 ஜனவரியில் சென்னைச் சேப்பாக்கம் எழிலக வளாகத்தில் பழைய மாளிகை எரிந்தபோது உள்ளே போய்க் கடுமையான தீக்காயம் பட்டார். அன்று அவருடைய சக அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். குணமாகி அவர் மீண்டும் அதே பணிக்குத் திரும்பினார்.

பெற்றோருக்கு இரண்டொரு செய்தி. இடைநிலைப் பள்ளிகள் பலவற்றில் தீயணைப்புக் காடெட் படை இருக்கிறது. பிள்ளை எந்தச் சீருடை இயக்கத்தில் சேரலாம் என்று கேட்டால் இதையும் நினைத்துப் பாருங்கள். நிலையம் தொலைவில் உள்ள தோட்டங்களிலும் கம்போங்குகளிலும் தொண்டூழியத் தீயணைப்புப் படை அமைக்கச் சட்டத்தில் இடமுண்டு. வட்டார நிலையத்துக்குப் போய்க் கேட்டால் விவரம் சொல்வார்கள். முன்பு 994 என்று தனி எண் இருந்தது, இப்போது தீக்கும் 999 தான். அழைக்கும்போது தோட்டத்தின் பெயரோடு, எத்தனையாவது டிவிஷன், எந்தச் சாலை வழியாக வண்டி நுழையலாம், பாலம் லாரியைத் தாங்குமா என்பதையும் சொல்லுங்கள். பால்வெட்டுக்குப் போகும்போது பிள்ளைகளை உள்ளே வைத்து வெளியே பூட்டாதீர்கள். சன்னல் கம்பிக்கு உள்ளிருந்து திறக்கும் பூட்டு போட்டு, சாவியைப் பிள்ளையின் கை எட்டுகிற ஆணியில் மாட்டி வையுங்கள்.