குடத்திலிட்ட விளக்காகும் இணையப் பக்கங்கள்

எல்லைப் பக்கத்துச் சிறிய ஸ்டேஷன் ஒன்றில் டிக்கெட் கவுண்டரில் இருப்பவன் நான். வயதான பயணிகள் சிலர் இன்றும் "ஒலவக்கோட்டுக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க" என்று கேட்கிறார்கள். அடுத்து நிற்பவர் 'பால்காட்' என்கிறார். அவருக்கும் பின்னால் நிற்கும் கல்லூரி மாணவர் 'பாலக்காடு ஜங்ஷன்' என்கிறார். மூவரும் இறங்கப் போவது ஒரே பிளாட்பாரத்தில்தான். அன்றைய ஒலவக்கோடு ஜங்ஷனே இன்றைய பாலக்காடு ஜங்ஷன். 1990ஆம் ஆண்டில் ஊரின் ஆங்கிலப் பெயரும் மாறிற்று. ரயில்வேயின் குறியீடு மட்டும் பழைய பெயரின் சாயலில் 'பி.ஜி.டி.' என்றே இருந்து வருகிறது.

கவுண்டரில் இருப்பவனுக்கு இந்தக் கதை தெரியும். எந்தப் பெயரைச் சொன்னாலும் டிக்கெட்டைக் கொடுத்துவிடுவான். இணையத்தில் பதில் சொல்வதோ இயந்திரம். அதற்கும் இப்போது ஓரளவு ஊகம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நம் பக்கத்தில் இல்லவே இல்லாத சொல்லை அது எங்கிருந்து எடுக்கும்?

ஒரு படிப்பகத்தின் அனுபவம்

சித்தூர் தாலுகாவில் ஒரு தமிழ்ப் படிப்பகம். அதன் உறுப்பினரான மாணவர் ஒருவர் சொந்த ஆர்வத்தில் இணையதளம் ஒன்றை அமைத்தார். மொழிச் சிறுபான்மையினர் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே தரப்பட வேண்டும் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிகள் சட்டம் வகை செய்தது. இதை விளக்கி, மாதிரி மனுவும் சேர்த்து, படிப்பகத்தார் ஒரு பக்கம் வெளியிட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஆறு மாதமாகியும் அதை உள்ளூர்க்காரர்களைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

அந்த நாட்களில்தான் தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவரைச் சந்தித்தேன். மகளைச் சித்தூரில் கல்லூரியில் சேர்த்திருக்கிறார். ஓர் அலுவலகத்துக்கு மனுக் கொடுக்க, மலையாளத்தில் எழுதித் தந்தவருக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்ததாகச் சொன்னார். "என்ன எழுதியிருக்குன்னு எனக்கே தெரியாது சார். கையெழுத்து மட்டும் போட்டேன்" என்றார். மகள் செல்போனில் தேடிப் பார்த்தாளாம். 'கேரளாவில் தமிழில் மனு கொடுக்கலாமா' என்று கேட்டதற்கு உருப்படியாக ஒன்றும் வரவில்லை. அவள் தேடிய விஷயம் இங்கே சித்தூரிலேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது. அப்படியும் அவள் கண்ணுக்கு அது படவில்லை.

ஏன் இப்படி? படிப்பகத்து மாணவரும் நானும் உட்கார்ந்து அலசிப் பார்த்ததில் தெரிந்தவற்றை இங்கே தருகிறேன். சங்கம், கடை, தங்கும் விடுதி என்று இணையப் பக்கம் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இவை பயன்படலாம்.

படமாகப் போட்டால் படிக்காது

முதலில் ஒரு விளக்கம். இன்று இணையதளம் அமைக்கக் கணினி மொழி படித்திருக்க வேண்டியதில்லை. உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் என்று ஒருவகை உண்டு. விஷயத்தை நாம் எழுதினால் போதும். பக்கத்தின் தோற்றத்தை அது பார்த்துக்கொள்ளும். 2001இல் ட்ரூபல் வந்தது, 2005இல் ஜூம்லா. இவற்றினும் பரவலானது, 2003ஆம் ஆண்டு மே மாதம் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவர் வெளியிட்ட வேர்ட்பிரஸ். மென்பொருளுக்கு விலை கிடையாது. படிப்பகத்தின் தளமும் வேர்ட்பிரஸ்தான்.

கூகுள் போன்ற தேடுபொறிகள் தானியங்கி நிரல்களை அனுப்பி, இணைப்புக்கு இணைப்பு தாவிப் பக்கங்களைப் படிக்கச் செய்கின்றன. படித்தவற்றைப் புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு போலத் தொகுத்து வைக்கின்றன. நாம் தேடும்போது பதில் வருவது அந்தத் தொகுப்பிலிருந்துதான். அதில் ஏறாத பக்கம் நமக்குத் தட்டுப்படாது.

படிப்பகத்தார் செய்த முதல் தவறு, தட்டச்சு செய்த நோட்டீசைப் போட்டோ பிடித்துப் படமாக ஏற்றியது. கண்ணுக்குத் தமிழ் தெரிகிறது. தேடுபொறிக்கு அது பெரும்பாலும் வெறும் படம். விஷயத்தை எழுத்தாகவே தட்டச்சு செய்ய வேண்டும். படம் அவசியமானால், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுத மென்பொருளில் தனிக் கட்டம் உண்டு. பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் கருவிகளுக்கும் அந்த வரியே துணை.

எழுத்துரு விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தது திரையில் தமிழாகத் தோன்றினாலும், உள்ளே ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகவே பதிவாகியிருக்கும். யூனிகோடு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் தனி எண் உண்டு. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது. பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும்.

தலைப்பு யாருடைய வாயிலிருந்து?

பக்கத்துக்கு அவர்கள் வைத்திருந்த தலைப்பு 'அறிவிப்பு 7'. இப்படி யார் தேடுவார்கள்? தலைப்பு என்பது ஸ்டேஷன் போர்டு போன்றது. தேடுகிறவர் எந்தச் சொல்லால் கேட்பாரோ அந்தச் சொல் அதில் இருக்க வேண்டும். உள்ளே வரும் சிறு தலைப்புகளையும் வெறுமனே தடித்த எழுத்தில் போடாமல், மென்பொருளில் அதற்கென்று உள்ள 'தலைப்பு' வகையைத் தேர்ந்தெடுத்தே போட வேண்டும்.

எல்லைப் பகுதியில் வாழும் நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மறையூர் வெல்லத்தைப் பாருங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. கேரளத்தில் 'சர்க்கர' என்றால் வெல்லம். சீனிக்குப் 'பஞ்சசார' என்று பெயர். மலையிறங்கி உடுமலைப்பேட்டைக்குப் போனால் அங்குள்ளவர் 'வெல்லம்' என்று தேடுவார். 'சர்க்கரை' என்றால் பலருக்குச் சீனி நினைவுக்கு வரும். வியாபாரி என்ன செய்யலாம்? 'மறையூர் வெல்லம்' என்று தலைப்பிட்டு, முதல் பத்தியிலேயே 'கேரளத்தில் மறையூர் சர்க்கர எனப்படும் உருண்டை வெல்லம்' என்று எழுதிவிட்டால் இரு பக்கத்தாருக்கும் வழி கிடைக்கும். மூணாறு, மூணார் என்ற இரட்டை எழுத்துமுறைக்கும் இதுவே மருந்து.

2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியா இதற்கு வேறொரு வழியைக் கையாளுகிறது. ஒரு கட்டுரைக்கு வழங்கும் மாற்றுப் பெயர்களுக்கு 'வழிமாற்று' வைத்துவிடுகிறார்கள். எந்தப் பெயரில் நுழைந்தாலும் ஒரே கட்டுரைக்குப் போய்ச் சேரலாம்.

அதற்காக ஒரே சொல்லை நாற்பது முறை எழுதுவது தவறு. படிப்பவருக்கும் சலிப்பு, கூகுளும் அதை ஏமாற்று வேலையாகவே கருதுகிறது. முக்கியச் சொற்களைக் கண்ணுக்குத் தெரியாத குறிப்பாக அடுக்கும் பழைய பழக்கத்தால் வரிசையில் பயனில்லை என்பதையும் கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது.

முகவரியும் ஒரு சிறு கட்டமும்

பக்கத்தின் முகவரி கேள்விக்குறியும் எண்ணுமாக இருந்தது. வேர்ட்பிரஸ் அமைப்புகளில் 'பெர்மாலிங்க்' பகுதிக்குப் போய், தலைப்பின் பெயரே முகவரியாக வரும்படி மாற்றலாம். ஆனால் நீளமான தமிழ்த் தலைப்பு முகவரியில் பாதியில் வெட்டுப்படும். காரணம், முகவரிக்கு உள்ள இடம் 200. தமிழில் ஒவ்வொரு குறியும் உள்ளே 9 இடம் பிடிக்கிறது. 'கா' என்ற எழுத்தே இரண்டு குறி. ஆகவே 22 குறிகளுக்குள் அடங்கும் சிறு முகவரியை நாமே எழுதிவிடுவது நல்லது. வெளியிட்ட பிறகு முகவரியை மாற்ற நேர்ந்தால், பழையதிலிருந்து புதியதற்கு வழி திருப்பிவிட மறக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு கடைசியில்தான் அகப்பட்டது. அமைப்புகளில் 'ரீடிங்' என்ற பகுதியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் சிறு கட்டம் ஒன்று உண்டு. தளத்தைக் கட்டும் காலத்தில் அதில் டிக் போட்ட மாணவர், பிறகு எடுக்க மறந்துவிட்டார். கடையைத் திறந்து வைத்துவிட்டு, வாசலில் 'உள்ளே வராதீர்' என்று போர்டு மாட்டிய கதைதான். உங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்றால் இன்றே அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

பணம் கேட்பவர்களிடம் கவனம்

"கூகுளில் முதலிடம் வாங்கித் தருகிறோம்" என்று விடுதிக்காரர்களிடமும் சிறு வியாபாரிகளிடமும் ஆயிரக்கணக்கில் கேட்பவர்கள் உண்டு. முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. 'சர்ச் கன்சோல்' என்ற அதன் சேவைக்குக் கட்டணம் கிடையாது. நம் பக்கம் தொகுப்பில் ஏறியிருக்கிறதா, என்ன சொல்லால் தேடி வந்தார்கள் என்பதை அதில் பார்க்கலாம். 2020இல் வந்த 5.5ஆம் பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தளத்தின் பக்கப் பட்டியலையும் தானே தயாரிக்கிறது. அதன் முகவரியைச் சர்ச் கன்சோலில் கொடுத்துவிடலாம். பிறகு பொறுமை வேண்டும். சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். அக்கம்பக்கத்துச் சங்கங்கள் தங்கள் தளங்களில் நம் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அதுவும் உதவும்.

படிப்பகத்தார் நோட்டீசை யூனிகோடில் தட்டச்சு செய்தார்கள். அந்தப் பெண் செல்போனில் கேட்ட கேள்வியையே தலைப்பாக வைத்தோம்: 'கேரளாவில் தமிழில் மனு கொடுக்கலாமா?' அந்தக் கட்டத்தின் டிக்கும் எடுக்கப்பட்டது. ஒரு மாதம் சென்றிருக்கும். லயத்து வீட்டில் இருந்தபடியே அவள் தேடியபோது பக்கம் வந்துவிட்டது. அதிலிருந்த மாதிரியைப் பார்த்து, தகப்பனார் அடுத்த மனுவைத் தாமே தமிழில் எழுதினார்.

சென்ற வாரம் கவுண்டருக்கு வந்தவரிடம், பதில் வந்ததா என்று விசாரித்தேன். "இன்னும் வரல சார். ஆனா இந்தத் தடவை என்ன எழுதிக் குடுத்தேன்னு எனக்குத் தெரியும்" என்றார்.