கோடிங் வகுப்புக்கு முன் கையெழுத்தைக் கவனியுங்கள்

ஜூன் பிறந்து பள்ளி திறந்தால் போதும், திருச்சியில் தில்லை நகரிலிருந்து ஸ்ரீரங்கம் உத்திர வீதி வரை ஒரே விசாரிப்பு: "உங்க பொண்ணைக் கோடிங்ல சேர்த்தாச்சா?" பொண்ணு இரண்டாம் வகுப்பு. கடன் வாங்கிக் கழித்தலிலேயே இன்னும் தடுமாறுகிறவள். அவள் படிப்பைச் சொல்லி அப்பா நிஜமாகவே கடன் வாங்கியிருப்பார். அது கடன் என்பது, தவணை தப்பி நிதி நிறுவனத்திலிருந்து ஃபோன் வரும்போதுதான் அவருக்கே தெரியும்.

ஏமாறுகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று நினைக்காதீர்கள். பெல் ஊழியர், ரயில்வே ஊழியர், பள்ளி ஆசிரியர் என்று தினமும் நாலு காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான். பிள்ளை விஷயம் என்றதும் படிக்காமல் போட்டுவிடுகிறார்கள்.

இந்த அவசரம் யாருடையது? தேசியக் கல்விக் கொள்கை 2020 கோடிங்கை நடுநிலை வகுப்புகளுக்கு, அதாவது ஆறாம் வகுப்பிலிருந்துதான் சொல்கிறது. செயற்கை நுண்ணறிவு, கணிப்பொறிச் சிந்தனை ஆகியவை மூன்றாம் வகுப்பிலிருந்து வரும் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. அதுவும் பள்ளிப் பாடமாகத்தான். பள்ளிகளில் செயற்கை நுண்ணறிவு கற்பிக்கும் தமிழக அரசின் டிஎன் ஸ்பார்க் திட்டமும் ஆறாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்குத் தனியார் செயலியில் பணம் கட்டு என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை. பயத்தை விற்றது விளம்பரம். 2020-ல் ஒயிட்ஹேட் ஜூனியர் என்ற நிறுவனம் உல்ஃப் குப்தா என்று இல்லாத ஒரு சிறுவனைக் காட்டி, அவனுக்குக் கூகுளில் கோடிக்கணக்கில் சம்பளம் என்று விளம்பரம் செய்தது. விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்ன பிறகுதான் சில விளம்பரங்கள் நீக்கப்பட்டன. தமிழில் கணிப்பொறி பற்றி எழுதிய எழுத்தாளர் சுஜாதா வளர்ந்த ஊர் ஸ்ரீரங்கம். அவர் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது இங்கே கணிப்பொறியே கிடையாது. அதனால் அவர் என்ன குறைந்துவிட்டார்?

கோடிங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐந்து வயதுக்கு ஸ்க்ராட்ச் ஜூனியர், எட்டு வயதுக்கு ஸ்க்ராட்ச் என்ற கோடிங் மென்பொருள்கள் இரண்டுமே இலவசம். எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 2007-ல் வெளியான ஸ்க்ராட்ச்சைக் கணினியில் இறக்கிவிட்டால், இணையமும் கணக்கும் இல்லாமலே ஓடும். கணினியே இல்லாத பள்ளியா? புள்ளிக் கோலம் போதும். சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கணிப்பொறி மொழிகளின் இலக்கண விதிகளைக் கோலத்தில் பொருத்தி 1970-களிலேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். ஒரு பிள்ளை திரும்பி நின்றுகொண்டு, "மூணு புள்ளி வலப்பக்கம் போ, வளைச்சுக்கோ, இதையே நாலு தடவை செய்" என்று சொல்லட்டும். இன்னொரு பிள்ளை தரையில் போடட்டும். கோடு எங்கே பிசகியதோ அங்கே உத்தரவில் பிழை. அதைக் கண்டுபிடித்துத் திருத்துவதுதான் கோடிங். செலவு ஒரு சாக்பீஸ்.

இனி காகிதத்துக்கு வருவோம். பள்ளிக் கட்டணத்தோடு "கோடிங் ஃபீஸ்", "டிஜிட்டல் கிட்" என்று தனிச் சீட்டு வந்தால், உடனே கட்டாதீர்கள். தமிழ்நாடு பள்ளிகள் (கட்டண வசூல் ஒழுங்குமுறை) சட்டம் 2009-ன்படி தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க ஒரு குழு இருக்கிறது. உங்கள் பள்ளிக்கு, உங்கள் வகுப்புக்கு அந்தக் குழு போட்ட ஆணையைக் கேளுங்கள். நிர்ணயித்ததற்கு மேல் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். கட்டாயமா, விருப்பமா என்று எழுத்தில் கேளுங்கள். பள்ளி முத்திரையுள்ள ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். வகுப்பு ஆசிரியையின் ஜிபேக்கு அனுப்பிய பணத்துக்கு எந்த அலுவலகத்திலும் மரியாதை கிடையாது. பள்ளி சரியாகப் பதில் சொல்லாவிட்டால், மனுவை மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) பெயருக்கு எழுதி, முதன்மைக் கல்வி அலுவலருக்கு நகல் போடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். "வெச்சுட்டுப் போங்க சார், பார்க்கிறோம்" என்பார்கள். வைத்துவிட்டுப் போனால் பார்க்கமாட்டார்கள். அங்கேயும் நகரவில்லை என்றால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவை, முந்தைய முத்திரை நகலோடு கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள்.

வெளி நிறுவனமானால் ஆபத்து வேறு. முதல் வகுப்பு இலவசம் என்பார்கள். அது முடிந்ததும், "மேம், உங்க பையனோட லாஜிக்கே வேற லெவல்" என்பார்கள். அடுத்து ஆதார், பான், ஓர் ஓடிபி. "இஎம்ஐதான் மேம், லோன் இல்லை." லோன்தான். நிறுவனத்துக்கு முழுத் தொகையையும் ஒரு நிதி நிறுவனம் கட்டிவிடும். நீங்கள் அந்த நிதி நிறுவனத்துக்குக் கடனாளி. பிள்ளை வகுப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது. தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாட்டில் சிக்காதீர்கள் என்று மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் எச்சரித்திருக்கிறது. யார் கேட்டார்கள்?

டிஜிட்டல் கடன் என்றால் வட்டி, கட்டணம் எல்லாம் அடங்கிய முக்கிய விவரத் தாளைக் கடன் தருகிறவர் முன்கூட்டியே தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அபராதமில்லாமல் கடனிலிருந்து விலக எத்தனை நாள் அவகாசம் என்பதும் அதில் இருக்கும். அந்த நாட்களுக்குள் மின்னஞ்சலில் எழுதுங்கள். ஃபோனில் சொன்னது கணக்கில் சேராது. யுபிஐ ஆட்டோபேயை உங்கள் செயலியிலேயே ரத்து செய்யலாம். ஆனால் கடன் இருக்கும்போது இதை மட்டும் செய்துவிட்டுச் சும்மா இருந்தால் சிபில் மதிப்பெண் அடிவாங்கும். நிதி நிறுவனத்துக்குப் புகார் அனுப்பி, 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; விவரம் கேட்க 14448. மறுபடியும் சொல்கிறேன்: எதற்கு என்று படிக்காமல் ஓடிபியைச் சொல்லாதீர்கள்.

பிள்ளையின் படம், பெயர், பிறந்த தேதி பற்றி ஏனோ யாருக்கும் அக்கறையே இல்லை. ஆண்டு விழா வீடியோவைப் பள்ளி முகநூலில் போடுகிறது. சீருடை, அடையாள அட்டை, வேன் எண் எல்லாம் தெரிகிறது. டிஜிட்டல் ஒழுக்கம் பிள்ளைக்குச் சொல்லித்தர ஆள் வைக்கிறவர்கள் தலைமையாசிரியருக்கும் ஒரு வகுப்பு வைக்கலாம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்று 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியப் பிரிவுகள் அமலாக 2027 ஆகும். அதுவரை பேனா உங்கள் கையில்தான். சேர்க்கைப் படிவத்தில் படம் வெளியிடும் வரியை அடித்து, பக்கத்தில் "படம் வெளியிடச் சம்மதம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டு, அந்தப் பக்கத்தை ஃபோனில் படமெடுத்து வையுங்கள். மாணவர்களுக்கான அபார் அடையாள எண்ணுக்குத் தரும் படிவமும் சம்மதப் படிவம்தான். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ஆன்லைன் விளையாட்டில் யாரோ பழகி, பிள்ளையிடம் படம் கேட்டு மிரட்டினால், பெற்றோர் முதலில் செய்வது அரட்டையை அழிப்பது. அழிக்காதீர்கள், ஃபோனையும் ரீசெட் செய்யாதீர்கள். ஆபாசப் படம் இருந்தால் நகலெடுக்காமல் ஃபோனை அப்படியே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோங்கள். "உஷாரா இருங்க" என்று அந்தப் படத்தைப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் போட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி-யில் நீங்களே குற்றவாளி. பணம் போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930. குழந்தைக்கு உதவி 1098. "எங்க லிமிட் இல்லை" என்று எந்த ஸ்டேஷனும் திருப்பியனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டம் 173-ஆம் பிரிவின்படி எல்லை பார்க்காமல் புகாரைப் பதிய வேண்டும். புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் அனுப்பப் பார்த்தால், எஃப்ஐஆர் எங்கே என்று கேளுங்கள். மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் மாநகரக் காவல் ஆணையருக்கு அனுப்புங்கள். "ஸ்கூல் பேர் கெட்டுடும்" என்று பள்ளி நிர்வாகம் மூடி மறைத்தால், போக்சோ சட்டத்தில் அதுவே தனிக் குற்றம்.

கோடிங் நிறுவனத்துக்குக் கட்டிய பணத்தைத் திரும்பப் பெற முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நிறுவனத்தின் எண்ணைக் கூகுளில் "கஸ்டமர் கேர்" என்று தேடாதீர்கள்; போலி எண்ணில் மாட்டி இரண்டாம் முறை பணம் விட்டவர்கள் நிறைய. 1915-ல் நடக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் திருச்சி மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்ச ரூபாய் வரை கட்டணமும் இல்லை. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் அவகாசம். ரசீது, வங்கிக் கணக்கு விவரம், மின்னஞ்சல், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கிப் பக்க எண் போட்டுக்கொள்ளுங்கள். மூலப் பிரதிகளை யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். ஆணையத்தில் காட்டச் சொன்னால் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கி வாருங்கள்.