கூர்நோக்கு எங்கே தொடங்க வேண்டும்?

ஒரு சமுதாயம் தன் குழந்தைகளை எவ்வாறு மதிக்கிறது என்பதை அது அவர்களுக்கு இடும் பெயர்களைக் கொண்டே அறியலாம். தவறிழைத்த சிறுவனை ஊர் 'திருடன்' என்கிறது, 'ரவுடி' என்கிறது. சட்டமோ படிப்படியாக வேறு மொழி பேசக் கற்றுக்கொண்டது. 1986ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அவனைக் 'குற்றம் புரிந்த இளஞ்சிறார்' என்றது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மாற்றிச் 'சட்டத்தோடு முரண்பட்ட இளஞ்சிறார்' என்றது. இன்று நடைமுறையில் உள்ள 2015ஆம் ஆண்டுச் சட்டம் 'சட்டத்தோடு முரண்பட்ட குழந்தை' என்றே அழைக்கிறது. எத்தவறு செய்திருப்பினும் அவன் குழந்தையே என்பதே இதன் உட்கிடை.

இவ்வெண்ணம் நமக்குப் புதியதன்று. இந்தியாவில் குழந்தைகளுக்கெனத் தனிச்சட்டம் முதன்முதலில் இயற்றப்பட்டது நம் சென்னை மாகாணத்திலேதான், ஆண்டு 1920. பின்னர் 1989இல் ஐக்கிய நாடுகள் அவை குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றது. 1992இல் இந்தியாவும் அதில் இணைந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம், ஆண், பெண் வேறுபாடின்றிப் பதினெட்டு வயது நிரம்பாதோர் அனைவரையும் தன் பாதுகாப்பிற்குள் கொணர்ந்தது.

அப்பாதுகாப்பு யாது? பிடிக்கப்பட்ட குழந்தையைக் காவல் நிலையக் கொட்டடியிலோ சிறையிலோ அடைத்தல் கூடாது. கைவிலங்கு பூட்டுதல் கூடாது. பயண நேரம் நீங்கலாக இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்துதல் வேண்டும். ஒரு நடுவரும் இரு சமூகப் பணியாளரும் அடங்கியது இக்குழுமம். அவ்விருவருள் ஒருவரேனும் பெண்ணாயிருத்தல் வேண்டும். குழந்தையின் குடும்பச் சூழல் ஆராயப்படும். அதன் பெயரோ படமோ வெளியிடப்படலாகாது. பதினாறு வயது நிரம்பியவர் மிகக் கொடிய குற்றம் புரிந்தவிடத்து மட்டும், முதற்கட்ட மதிப்பீட்டின்பின் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்திற்கு மாற்றப்படலாம். அங்கும் மரண தண்டனை இல்லை.

'இத்துணைப் பரிவு குற்றத்தை வளர்க்காதா?' என்று வினவுவோர் பலர். 2012ஆம் ஆண்டின் தில்லிக் கொடுமைக்குப் பின்னர் இவ்வினா நாடெங்கும் ஒலித்தது. பாதிக்கப்பட்டோரின் வேதனையை நாம் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், கடுமை ஒன்றே குழந்தையைத் திருத்திவிடுமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2022 டிசம்பர் இறுதியில், திருட்டு வழக்கொன்றில் பிடிபட்ட சிறுவன் ஒருவன் செங்கல்பட்டில் அரசுக் காப்பில் இருந்தபோதே இறந்தான். அவனை அடித்ததாக அங்குப் பணியாற்றியோர் கைது செய்யப்பட்டனர். இத்தகைய இல்லங்களை ஆராயத் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைத்தது. சட்டம் பெயரை மாற்றிவிட்டது; நம் மனம் மாறவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

விசாரணைக் காலத்தில் குழந்தை தங்கும் இடத்திற்குத் தமிழில் 'கூர்நோக்கு இல்லம்' என்று பெயர். எண்ணி எண்ணி வியக்கத்தக்க சொல் இது. கூர்ந்து நோக்குதல் என்பது காவல் காத்தலன்று, கனிவோடு கவனித்தல். ஆனால், அந்நோக்கு அவ்வில்லத்தின் வாயிலில்தானா தொடங்க வேண்டும்? வகுப்பறையில் ஒரு மாணவன் பத்து நாள் வராதபோது அவனைக் கூர்ந்து நோக்கியவர் யார்? பட்டறையிலும் தேநீர்க் கடையிலும் அவன் நின்றபோது 'ஏன் பள்ளிக்குச் செல்லவில்லை?' என்று கேட்டவர் யார்? எவரும் கேளாதபோது, அவனைத் தேடி வருவோர் தீயோரே. போதைப் பொருளைச் சுமக்கவும் விற்கவும் குழந்தைகளைப் பயன்படுத்துவோர்க்கு ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது 2015ஆம் ஆண்டுச் சட்டம். அவ்விடத்தில் குழந்தை குற்றவாளி அல்லன், குற்றத்திற்கு இரையானவன். காக்கப்பட வேண்டிய குழந்தையும் சட்டத்தோடு முரண்பட்ட குழந்தையும் பெரும்பாலும் ஒருவனே. நாம் அவனைக் காணும் காலந்தான் வேறு.

இதில் சட்டமே விட்டுவைத்த இடைவெளி ஒன்றும் உண்டு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையே காக்கிறது. பதினான்கைக் கடந்தவரை, இடர்மிகு தொழில்கள் நீங்கலான பணிகளில் அமர்த்தவும் தடையில்லை. வறுமைமிக்க குடும்பத்துச் சிறுவன் படிப்பை விட்டு நழுவுவது இவ்வயதிலேதான். குற்றத் தடுப்பு என்பது இந்த நான்காண்டுகளில் அவனைப் பள்ளியில் நிலைநிறுத்துவதேயாகும். 1990ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை வகுத்த ரியாத் நெறிமுறைகளும் குடும்பம், கல்வி, சமுதாயம் ஆகியவற்றையே தடுப்பின் தூண்களாகக் காட்டுகின்றன.

கல்லூரி வாயிலை மிதித்த நாம் செய்யத்தக்கவை அரியன அல்ல. நம் தெருவில் படிப்பை நிறுத்திய சிறுவனை மீண்டும் தலைமையாசிரியரிடம் அழைத்துச் செல்லலாம். மாலையில் ஒரு மணி நேரம் அவனுக்குப் பாடம் சொல்லலாம். துன்புறும் குழந்தையைக் கண்டால் 1098 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணுக்குத் தெரிவிக்கலாம். தவறிழைத்துத் திரும்பியவனைப் பழைய பெயரால் அழையாமல், அவனுடைய சொந்தப் பெயரால் அழைக்கலாம். நம் தெருவிலேயே கூர்நோக்கு தொடங்குமாயின், இல்லத்தின் கதவு திறக்க வேண்டிய தேவையே குறையும்.