முதுகுக்கு யார் மார்க் போடுவது?

உடம்பைப் படிப்போம் – 9

எந்த ஊர் ஜிம்முக்கும் திங்கட்கிழமை மாலை ஆறரை மணிக்குப் போய்ப் பாருங்கள். பெஞ்ச் பிரஸ் பலகைக்கு நாலு பேர் காத்திருப்பார்கள். பைசெப்ஸுக்குத் தோதான டம்பெல்கள் மட்டும் ஸ்டாண்டில் இருக்காது. மூலையில் ஸ்குவாட் ரேக் சும்மா நிற்கும். அதன் கம்பியில் யாரோ துண்டைக் காயப் போட்டிருப்பார்கள். புதிதாகச் சேர்ந்த பதினேழு, பதினெட்டு வயதுப் பையனுக்கு உடம்பு என்றால் மார்பும் ஆர்ம்ஸும்தான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. எதிரே இருக்கிற கண்ணாடி அந்த இரண்டைத்தான் காட்டுகிறது, மொபைல் கேமராவும் அதையேதான். முதுகும் புட்டமும் பின்தொடையும் அவன் கண்ணில் படுவதே இல்லை. கண்ணில் படாததற்கு எவன் மூச்சு வாங்க உழைப்பான்?

இந்த வாரம் முழுக்க அந்தப் பின்பக்கத்துக்குத்தான்.

உடற்கட்டுப் போட்டிகளின் முதல் பெரிய மேடை 1901 செப்டம்பர் 14 அன்று, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அமைந்தது. நடத்தியவர் யூஜின் சாண்டோ. பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்து லண்டனில் பெயர் வாங்கியவர். நம்மூரில் அவர் பெயர் பனியனில் ஒட்டிக்கொண்டது. சின்னப்பா தேவர் அதையே பட்டமாகச் சுமந்தார், படத் தயாரிப்பாளர் ஆன பிறகும் விடவில்லை. அன்றைய நடுவர்கள் மூன்று பேர்: சாண்டோ, சார்லஸ் லாஸ் என்கிற சிற்பி, ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயில். அவர்கள் மார்க் போட்ட விதம்தான் நமக்கு முக்கியம். மொத்த வளர்ச்சி, வளர்ச்சியில் சமநிலை, தசைகளின் உறுதி, பொதுவான ஆரோக்கியம், தோலின் நிலை என ஐந்தைப் பார்த்தார்கள். தசையின் பருமனுக்கென்று தனி மார்க் கிடையாது. பரிசு பெரிய தசைக்காரனுக்கு அல்ல, சீராக வளர்ந்தவனுக்கே என்று சாண்டோ வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். ஜெயித்தவர் நாட்டிங்காம் ஊரைச் சேர்ந்த வில்லியம் மரே. நடுவர் வரிசையில் ஒரு சிற்பி உட்கார்ந்திருந்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். சிற்பி எந்தச் சிலையையும் சுற்றி வந்துதான் பார்ப்பார். அவரிடம் முதுகை மறைக்க முடியாது.

நம் தேகப்பயிற்சிக் கூடங்களையும் பார்த்துவிடலாம். தண்டால், தள்ளுகிற வேலை. பஸ்கி, முக்கியமாக முன்தொடை வேலை. இந்த இரண்டோடு நின்றிருந்தால் பழைய பயில்வான்களும் முன்பக்க ஆட்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் கர்லாக்கட்டை சுழற்றினார்கள், கயிறு ஏறினார்கள், மண்ணில் கட்டிப் புரண்டார்கள். விழுப்புரத்தில் சிறுவர்கள் இன்றும் ஏறுகிற மல்லர் கம்பத்தில் மொத்த உடம்பையும் மேலே இழுத்துப் போவது முதுகும் முன்கையும்தான். இழுப்புக்கென்று அங்கே தனிப் பாடம் தேவைப்படவில்லை. நடுவில் பெஞ்சைப் போட்டுச் சுற்றிலும் கண்ணாடி பதித்த ஜிம்கள் வந்தபிறகு அது விருப்பப் பாடம் ஆகிவிட்டது. விருப்பப் பாடத்தை நம் பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா!

மார்பு மட்டும் வளர்ந்தால் என்ன கெட்டுவிடும்? முதலில் தோளில் தெரியும். இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் பந்து ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோள் மூட்டு அப்படியில்லை. தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் அது. அதனால்தான் கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிகிறது. அதனால்தான் உடம்பிலேயே சுலபமாக நழுவுகிற பெரிய மூட்டாகவும் அது இருக்கிறது. பந்தை நடுவில் பிடித்து வைப்பவை ரொட்டேட்டர் கஃப் என்று சொல்கிற நான்கு சிறிய தசைகள். குழி இருப்பது தோள்பட்டை எலும்பின் ஓரத்தில். அந்த எலும்பே விலாக்கூட்டின் மேல் வழுக்கி ஓடக்கூடியது. அதை நிலைநிறுத்துவதில் நடு முதுகுத் தசைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பெஞ்ச் பிரஸ்ஸில் பாடுபடுகிற பெரிய மார்புத் தசையோ மேற்கையை உள்பக்கமாகத் திருப்பப் பார்க்கும். வெளிப்பக்கம் திருப்புகிற தசைகள் அளவில் சின்னவை. முன்பக்கத்துக்கு மட்டும் மாதக்கணக்கில் தீனி போட்டால், கம்பியில் எடை ஏறிக்கொண்டே போகும், பிடித்து வைக்கிறவை பின்தங்கிவிடும். ஒருநாள் “மாஸ்டர், கையத் தூக்குனா தோள்ல சுருக்குனு குத்துது” என்று பையன் வந்து நிற்பான். வலிக்கு ஸ்பிரே அடித்து அடுத்த செட்டுக்கு அனுப்புகிற மாஸ்டர்கள் உண்டு.

என் கட்சி இதுதான்: முதல் ஆறு மாதம், ஒரு பங்கு தள்ளினால் இரண்டு பங்கு இழுங்கள். ஆய்வகத்தில் அளந்த விகிதம் இல்லை இது. ஏற்கெனவே சாய்ந்திருக்கிற ஆசையைச் சமன்செய்ய ஒரு எளிய கணக்கு, அவ்வளவுதான். பெஞ்ச் பிரஸ் மூன்று செட் என்றால் ரோயிங் மூன்று, புல்-அப்போ லாட் புல்-டவுனோ மூன்று. ஜிம்மில் ‘விங்ஸ்’ என்று சொல்கிற பக்கவாட்டு முதுகுத் தசைக்குப் பையன்கள் ஓரளவு உழைக்கிறார்கள். அது முன்னாலிருந்து பார்த்தாலும் தெரியும் இல்லையா! தெரியாமல் கிடப்பது இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் இருக்கும் பகுதி. முழங்கையை விலாவைத் தாண்டிப் பின்னால் கொண்டுபோய் ஒரு விநாடி நிறுத்துகிற ரோயிங்தான் அதை எழுப்பும்.

காலுக்கும் இதே கதை. பஸ்கி போடுகிறவர்கள்கூடப் பின்தொடையை மறந்துவிடுகிறார்கள். வேகமாக ஓடும்போது முன்னால் வீசிய காலைப் பிடித்து நிறுத்துவது பின்தொடைதான். ஓட்டக்காரர்களுக்கும் கால்பந்து ஆடுகிறவர்களுக்கும் அடிக்கடி பிடித்துக்கொள்வதும் அதுதான். அதற்கு ரொமேனியன் டெட்லிஃப்ட். முதுகை நேராக வைத்து, முழங்காலைச் சற்றே தளர்த்தி, பின்னால் ஒரு சுவர் இருப்பதாக நினைத்துப் புட்டத்தால் அதைத் தொடப் பாருங்கள். கம்பி தொடையை உரசிக்கொண்டே இறங்க வேண்டும். முதுகு வளையத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடலாம். வெறும் கம்பியோடு சில வாரம் இதைப் பழகுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆக, புதிதாகத் தொடங்குகிறவருக்கு வேண்டியது ஐந்தே வேலை. தள்ளுவது, இழுப்பது, உட்கார்ந்து எழுவது, இடுப்பில் மடங்கி நிமிர்வது, சுமந்து நடப்பது. இன்றைக்கு மார்பு, நாளைக்கு முதுகு என்று கூறு போடுகிற அட்டவணை அனுபவசாலிகளுக்கு. நீங்கள் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் முழு உடம்பையும் வேலை வாங்குங்கள். ஜிம்முக்குப் பணமில்லை என்றால் புத்தகம் நிரப்பிய ஸ்கூல் பையை ரோயிங்குக்கு வைத்துக்கொள்ளலாம். ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் கைக்கு ஒன்றாகத் தூக்கி மாடி ஏறினால் பத்து கிலோ ஆயிற்று. பூங்காவில் கம்பி இருந்தால் தொங்குவதிலிருந்தே தொடங்கலாம்.

மாஸ்டர்கள் மந்திரம்போல் சொல்கிற ‘மூணு செட், பத்து ரெப்ஸ்’ எங்கிருந்து வந்தது தெரியுமா? தாமஸ் டெலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களின் முழங்கால்களைத் தேற்றும் முயற்சியில் எடைப் பயிற்சி கொடுத்தார். 1945-இல் அதைப் பற்றி எழுதினார். பின்னர் அவர் செம்மைப்படுத்திய முறை இது: ஒருவரால் பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடித்து, முதல் செட்டுக்கு அதில் பாதி, இரண்டாவதுக்கு முக்கால், மூன்றாவதுக்கு முழுசு. படிப்படியாக ஏற்றுவதுதான் அதன் சாரம். புதியவர்கள் முழுசுக்கும் போக வேண்டாம். இன்னும் இரண்டு ரெப்ஸ் போட முடியும் என்கிற இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லா செட்டிலும் பன்னிரண்டு ரெப்ஸ் சுத்தமாக வந்தால் பக்கத்துக்கு ஒண்ணேகால் கிலோ பிளேட் ஒன்று ஏற்றலாம்.

முதல் சில வாரங்களில் எடை ஏறும், கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் கூடுவது தசையின் பருமன் அல்ல. இருக்கிற தசை நார்களை ஒன்றுசேர்த்து வேலை வாங்க நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது. இந்த இடத்தில்தான் பாதிப் பேர் ‘உடம்பு ஏறலையே’ என்று நின்றுவிடுகிறார்கள். மீதிப் பாதியில் சிலர் குறுக்கு வழி தேடுகிறார்கள்.

அதற்கு வருமுன் அம்மாக்களின் கேள்வி ஒன்று. வெயிட் தூக்கினால் பையன் வளர்த்தி நின்றுவிடுமா? நிற்காது. எலும்பு முனைகளில் இருக்கிற வளர்ச்சித் தட்டுகள் பெண்களுக்குப் பதினான்கு, பதினைந்து வயதிலும் ஆண்களுக்குப் பதினாறு, பதினேழு வயதிலும் மூடத் தொடங்குவது வழக்கம். மேற்பார்வையோடு, முறையாகச் செய்கிற பயிற்சி அதைப் பாதிப்பதாகத் தெரியவில்லை என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி எடுத்திருக்கிற நிலை. ஐந்து முதல் பதினேழு வயது வரை, வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் பலப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலே சொல்கிறது. மகளையும் சேர்த்தே அனுப்புங்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்பதால் அவளுக்குப் பயில்வான் உடம்பு வந்துவிடாது. ஒருவரால் தூக்க முடிகிற உச்ச எடையைப் போட்டிபோட்டுச் சோதிப்பதை மட்டும் வளரும் வயதில் அனுமதிக்காதீர்கள். காயத்துக்கு அது வழிவிடலாம்.

வளர்த்தியை நிஜமாகவே நிறுத்தக்கூடியது சில ஜிம்களில் வேறு ரூபத்தில் வருகிறது. அனபாலிக் ஸ்டீராய்டு, வளரும் பிள்ளையின் வளர்ச்சித் தட்டுகளை நேரத்துக்கு முன்பே மூடிவிடும். விதை சுருங்கும், விந்தணு குறையும், ஆண் பிள்ளைக்கு மார்பகத் திசு வளரலாம். ‘கோர்ஸ்’ என்று ஊசியோ லேபிள் இல்லாத மாத்திரையோ யார் கொடுத்தாலும் அந்த ஜிம்மை அன்றைக்கே விட்டுவிடுங்கள். புரத பவுடர் விவகாரம் வேறு. அதன் டப்பா விலைக்கும் முட்டை, நிலக்கடலை விலைக்கும் உள்ள கணக்கை அடுத்த வாரம் போட்டுப் பார்ப்போம்.

(தொடரும்)