பேரன் பெயரில் தாத்தா இல்லை

நம் அடையாள அட்டையில் பெயருக்கு நடுவே 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' என்று ஒரு சிறு குறி இருக்கும். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம் அது. ஒரே ஒரு தலைமுறையைத்தான் அது பிடித்து வைத்திருக்கிறது.

ஜார்ஜ்டவுன் கேனன் சதுக்கத்தில், 1906இல் கட்டி முடிக்கப்பட்ட கூ கோங்சி மண்டபத்துக்குப் போனால், ஒரு சீனக் குலம் தன் முன்னோரை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்று பார்க்கலாம். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. குல மண்டபமும் கிடையாது. தந்தையின் பெயர் மட்டும்தான். பேரன் பெயரில் தாத்தா இருக்க மாட்டார். ரஜூலா கப்பலில் வந்து பினாங்கில் இறங்கிய கொள்ளுத்தாத்தா யார் என்று கேட்டால், பல வீடுகளில் பதில் சொல்ல ஒரு பாட்டிதான் மிச்சம்.

நிரல் எழுதுவது என் தொழில். பாட்டி சொல்வதைக் கணினியில் எப்படிப் பதிந்து வைப்பது என்று யோசித்தபோது எனக்குக் கைகொடுத்தது ஏபிஎல் என்ற பழைய நிரல்மொழி.

பெட்டிக்குள் பெட்டி

கனடாவில் பிறந்த கணித அறிஞர் கென்னத் ஐவர்சன் 1962இல் வெளியிட்ட ஒரு நூலிலிருந்து பிறந்த மொழி அது. எண்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்குப் போடாமல், ஒரு முழு வரிசையையோ அட்டவணையையோ ஒரே குறியால் கையாளலாம். இதற்காக 1979இல் அவருக்குக் கணினித் துறையின் உயரிய டூரிங் விருது கிடைத்தது. நல்ல குறியீடு சிந்தனைக்கே ஒரு கருவி என்பதுதான் அவருடைய விருது உரையின் கருத்து.

தொடக்கத்தில் ஏபிஎல் வரிசையின் ஒரு கட்டத்தில் ஓர் எண்ணோ ஓர் எழுத்தோ மட்டும்தான் இருக்க முடியும். 1980களில் வந்த டயலாக் ஏபிஎல், ஐபிஎம்மின் ஏபிஎல்2 ஆகியவற்றில் ஒரு கட்டத்துக்குள் இன்னொரு வரிசையையே வைக்கும் வசதி வந்தது. ஐவர்சனும் ஹாங்காங்கில் பிறந்த ரோஜர் ஹுயியும் 1990இல் உருவாக்கிய ஜே மொழியில் இதற்குப் பெயரே 'பெட்டி'தான். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள்ளும் பெட்டி. குடும்பமும் அப்படித்தானே? தாத்தா என்ற பெட்டிக்குள் பிள்ளைகள், அவர்களுக்குள் பேரப்பிள்ளைகள்.

சிக்கல் திரையில் காட்டும்போதுதான் வரும். வெறுமனே அச்சிட்டால் இப்படித் தெரியும்:

தாத்தா பெரியப்பா அண்ணன் அக்கா அப்பா நான் தங்கை அத்தை

எது எதற்குள் இருக்கிறது என்று இதைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு பெட்டியைச் சுற்றியும் கோடு வரைந்து காட்டும் கருவிகள் இம்மொழிகளில் உண்டு. இரண்டு மூன்று அடுக்கு வரை அது நன்றாக இருக்கும். நான்கைந்து தலைமுறை ஆனால் கோட்டுக்குள் கோடு நெருங்கி, கண் தடுமாறும். அப்போது மர வடிவம்தான் எளிது:

தாத்தா
├─ பெரியப்பா
│　├─ அண்ணன்
│　└─ அக்கா
├─ அப்பா
│　├─ நான்
│　└─ தங்கை
└─ அத்தை

அதே எட்டுப் பேர்தான். ஆனால் இப்போது உறவு தெரிகிறது. மூத்தவர் மேலே, இளையவர் கீழே என்ற வரிசையும் தெரிகிறது. பெரியப்பா, சித்தப்பா, அத்தை என்ற நம் உறவுச் சொற்கள் ஒவ்வொன்றும் இந்த மரத்தில் ஓர் இடத்தின் பெயர். எல்லாரையும் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று பிள்ளைகள் அழைக்கும்போது அந்த இடங்கள் அழிந்து, மேலே உள்ள ஒற்றை வரியைப் போல ஆகிவிடுகிறது.

பெயர்ப் பட்டியலைப் படித்துக் காட்டியபோது பாட்டி தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார். மரத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்ததும் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் இடையில் விரலை வைத்தார். "இங்க ஒருத்தன் இருந்தான்யா. ரெண்டு வயசுல காய்ச்சல்ல போயிட்டான்." வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு சித்தப்பா இல்லை, பெரியப்பா. என் அப்பாவுக்கு மூத்தவர். பாட்டி சொன்ன பெயரை அன்றே மரத்தில் சேர்த்தேன்.

ஒரு வரி எண்களில் ஒரு குடும்பம்

மரம் பார்ப்பதற்கு நல்லது. சேமிப்பதற்கு அதைவிட எளிய வழி உண்டு. மேலே உள்ள எட்டுப் பேருக்கும் மேலிருந்து கீழாக 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். ஒவ்வொருவருக்கும் நேரே தந்தையின் எண்ணை எழுதுங்கள்:

1 1 2 2 1 5 5 1

மூன்றாமவரான அண்ணனின் தந்தை 2, அதாவது பெரியப்பா. ஆறாமவனான என் தந்தை 5. இந்த ஒரு வரியிலிருந்து முழு மரத்தையும் கணினி மறுபடி வரைந்துவிடும். ஏபிஎல்லிலேயே ஒரு கம்பைலரை எழுதி வரைகலைச் செயலியில் ஓடவைத்த ஆரன் சூ, 2019இல் இண்டியானா பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வில், நிரலின் மர அமைப்பை இப்படிப்பட்ட எண் வரிசைகளாகத்தான் கையாண்டார். 'ஏ/எல்' குறியும் இதே வேலையைத்தான் செய்கிறது. தனித்தனியே அது ஒரு படிதான். எல்லாருடையதையும் சேர்த்தால் மரம்.

முதல் எண்ணைக் கவனியுங்கள். தாத்தாவின் தந்தை 1, அவரே! அவருக்குத் தந்தை இல்லை என்பது பொருளல்ல. நமக்குத் தெரிந்தது அதுவரைதான் என்பது பொருள். நாளை கொள்ளுத்தாத்தாவின் பெயர் கிடைத்தால் 9 என்று கடைசியில் சேர்த்து, முதல் எண்ணை 9 என்று மாற்றினால் போதும்.

தந்தை வரிசை மட்டும் போதாது. அதில் மாமாவும் சித்தியும் அம்மாவைப் பெற்ற பாட்டியும் வரவே மாட்டார்கள். தாயின் எண்ணுக்கு இன்னொரு வரிசை வேண்டும். மாமன் மகளை மணந்த வீடுகளில் இது இன்னும் முக்கியம். அங்கே ஒரே தாத்தா இரண்டு பக்கமும் வருவார். பெட்டி முறையில் ஒருவரை இரண்டு பெட்டிகளில் வைக்க அவரை நகலெடுக்க வேண்டியிருக்கும். ஒன்றைத் திருத்தினால் மற்றது திருந்தாது. எண் முறையில் அவருக்கு ஒரே எண்தான். எத்தனை கிளையிலிருந்தும் அந்த எண்ணைச் சுட்டலாம்.

இதற்கு ஏபிஎல் கற்க வேண்டும் என்பதில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஐந்து கட்டம் போடுங்கள்: எண், பெயர், தந்தை எண், தாய் எண், தெரிந்தால் பிறந்த ஆண்டு. பாயான் லெப்பாசில் வேலை பார்க்கும் உங்கள் மகனோ மகளோ அதை ஒரு மாலைப்பொழுதில் மரமாக வரைந்து தந்துவிடுவார்கள். வரைந்ததை வீட்டில் மூத்தவர் கையில் கொடுங்கள். எந்த இடத்தில் விரல் வைக்கிறார்கள் என்று பாருங்கள். கணினி எத்தனை வருடமும் காத்திருக்கும். அவர்களால் முடியாது.